பூக்கூடையில் வைக்க முடியாத பாட்டில்கள்

அனுப்புநர்:
தே. அன்புக்கரசி (வயது 17),
தாயார் பெயர்: தேவானை, பூ வியாபாரம்,
வாரியக் குடியிருப்பு, பெரும்பாக்கம், சென்னை.
(பகலில்: மயிலாப்பூர் குளத்தருகே நடைபாதைப் பூக்கடை)

பெறுநர்:
உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள்,
பூச்சிமருந்து நச்சு மதிப்பீட்டு அலுவலகம்,
அடையாறு, சென்னை.

பொருள்: நச்சியல் அலுவலர் டாக்டர் ஜொவிட்டா அவர்கள் சிறுநீர் மாதிரிகளைப் போலியாகத் தயாரித்தார் என்று நடைபெறும் விசாரணை – மாதிரிகளை மாற்றியவர்கள் பூத்தொடுக்கும் பெண்களாகிய நாங்களே எனத் தெரிவித்தல் – மீண்டும் மாதிரி எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் சென்ற மாதம் எங்கள் கடைகளின் முன் நடத்திய நேரடி விசாரணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களுக்கு என்னை நினைவிருக்க வழியில்லை. தாங்கள் ஜீப்பில் வந்து இறங்கி எங்களை விசாரித்த அன்று, கோடியில் சாமந்திக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் நான். தாங்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. வெளியாட்கள் முன் எனக்குப் பேச்சு வராது. பக்கத்துக் கடை அக்காக்கள்கூட, "இன்னாடி, வாய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்வார்கள். அதனால்தான் நேரில் வராமல் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். மனு எழுதும் முறை அந்த வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இருந்த அளவுக்கே எனக்குத் தெரியும். முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. அன்று தங்கள் முன் எங்கள் பெண்கள் சொன்னது உண்மையல்ல. டாக்டர் ஜொவிட்டா அவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். தங்கள் ஆய்வகத்துக்கு வந்த பத்து பாட்டில்களிலும் ஒரே ஆளின் சிறுநீர்தான் இருந்தது என்பது சரி. ஆனால் அப்படி நிரப்பியது எங்களில் ஒருவர். டாக்டருக்கு அது தெரியாது. மனுவின் விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் எழுதினால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். எப்படி நடந்தது என்பதையும் எழுதுகிறேன்.

3. நாங்கள் விடியும் முன் கோயம்பேட்டிலிருந்து வரும் மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி ஆகியவற்றை வாங்கி, நாள் முழுவதும் நடைபாதையில் உட்கார்ந்து தொடுத்து விற்பவர்கள். எங்களில் பாதிப் பேர் முன்பு கால்வாய் ஓரம் குடியிருந்து, பிறகு பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர்கள். வீடு மாறினாலும் பிழைப்பு மயிலாப்பூரில்தான். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறோம். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பூவை வைத்து முடிச்சிட்டு, முழம் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுப்போம். அதே கையால் வெற்றிலை போடுவோம், பன் தின்போம். கோடையில் மல்லி மலிந்து வரும் மாதங்களில் விரல் நுனியில் தோல் உரியும். கண் எரியும். மாலையானால் தலை வலிக்கும். இரண்டு கோடைக்கு முன் என் தாயாருக்கு விரல்கள் மரத்துப்போயின. ஊசி குத்தினாலும் தெரியாது. அவரால் முன்போல் தொடுக்க முடியவில்லை என்பதால் நான் பள்ளியை விட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். இதற்கெல்லாம் வெயிலும் வயதும்தான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

4. சென்ற பங்குனியில் டாக்டர் ஜொவிட்டா முதன்முறை வந்தார். கூட ஆய்வக உதவியாளர் திரு. நோயல் வந்தார். டாக்டர் தம்மைப் பற்றிச் சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பூப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, என் தாயார் தொடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். தாயார் நூலைக் கடித்ததும், "அம்மா, ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை கடிப்பீங்க?" என்று கேட்டார். தாயார், "எண்ணிக்கினா கடிப்பாங்க? டாக்டரம்மா, நீ பூ வாங்க வந்தியா, என் பல்ல எண்ண வந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்விடவில்லை, மாலை விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்து, தாயார் எத்தனை முறை கடிக்கிறார் என்று அவரே எண்ணி எழுதிக்கொண்டு போனார். ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டே வேலையை முடித்துவிடுபவர் என்று அவர்மேல் சொல்லப்படுவதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

5. அதன்பின் வாரம் தவறாமல் வந்தார். மொட்டில் புழு விழாமலிருக்கத் தோட்டத்தில் மாலையில் மருந்து அடிப்பார்கள், மல்லியை மறுநாள் விடியலிலேயே பறித்துவிடுவார்கள், இடையில் மருந்து கலைய நேரம் கிடையாது என்று சொன்னார். காய்கறி என்றால் தின்பவரை நினைத்தாவது சோதிப்பார்கள், பூவை யாரும் தின்பதில்லை என்பதால் தொடுப்பவரை யாரும் நினைப்பதில்லை என்றார். "ஒரு மருந்து எவ்வளவு கெட்டதுன்றது பாதிக் கணக்கு. அது உங்க உடம்புக்குள்ள எவ்வளவு போகுதுன்றது மீதிப் பாதி. ரெண்டும் கையில இருந்தாத்தான் நான் மேல எழுத முடியும்" என்பார். எங்களைப் பயமுறுத்தவில்லை. பூ வேண்டாம் என்று வாங்க வருபவர்களிடமும் சொல்லவில்லை.

ஒருமுறை மெல்லிய ரப்பர் கையுறை கொண்டுவந்தார். போட்டுக்கொண்டு தொடுத்துப் பார்த்தோம். நூல் வழுக்கியது, முடிச்சு நிற்கவில்லை, உள்ளே கை வியர்த்தது. தாம் சொல்வது தவறோ என்று அவரே ஒன்றைப் போட்டுக்கொண்டு முயன்றார். நான்கு பூகூட நிற்கவில்லை. "இது ஆகாது" என்று தாமே சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களைத் திருத்த வந்தவர்கள் இதற்கு முன்பும் பலர் வந்ததுண்டு. தாம் கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போனவர் அவர் ஒருவர்தான்.

6. சித்திரையில் ஈரப் பஞ்சால் எங்கள் கைகளைத் துடைத்து எடுத்துப் போனார். பூக்களையும் எடுத்தார். இரண்டிலும் மருந்து இருந்தது என்று சில வாரங்கள் கழித்துச் சொன்னார். கையில் இருப்பது உடம்புக்குள் போகிறதா என்று அறியச் சிறுநீர் பார்க்க வேண்டும், அதுதான் மீதிப் பாதி என்றார். பத்துப் பேர் ஒப்புக்கொண்டார்கள். என் தாயாரும் அதில் ஒருவர். எனக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்பதால் என்னைச் சேர்க்கவில்லை. பெயர் ஒட்டிய பத்து பாட்டில்களைக் கொடுத்து, வரும் வெள்ளிக்கிழமை வியாபாரம் முடியும் சமயத்தில் அவரவர் நிரப்பி வைக்க வேண்டும், தாம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதான் கையில் பூ அதிகம் ஏறும் நாள் என்பது அவர் கணக்கு. அது சரிதான்.

7. தவறு இங்கேதான் தொடங்கியது. அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் எழுதாமல் இருக்க முடியாது.

எங்கள் பூ பெரும்பாலும் சாமிக்குப் போவது. காலையில் குளித்த பிறகே கூடையைத் தொடுவோம். மாதவிலக்கு நாட்களில் தொடுக்க உட்கார மாட்டோம். அந்தக் கூடையில், அந்தக் கூடை இருக்கும் சாக்கின்மேல், சிறுநீர் பாட்டிலை வைப்பது எங்களால் ஆகாத காரியம். நடைபாதையில் எங்களுக்கு இருக்கும் இடமே அந்தச் சாக்கு அளவுதான். வேறு இடம் இல்லை. அருகில் உள்ள கட்டணக் கழிப்பிடத்தில் வாசலில் ஆண் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் பாட்டிலோடு அவரைத் தாண்டிப் போய், நிறைந்த பாட்டிலோடு அவரைத் தாண்டி வரவேண்டும். பலர் அங்கே போகவே கூசி, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறவர்கள். இவை எதையும் டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் படித்தவர், நல்ல சேலை கட்டியவர், சாந்தோம் மாதா கோயில் பக்கத்துக்காரர். அவரிடம் போய் இதைச் சொல்வது எப்படி என்று கூசி, அவர் சொன்னதற்கெல்லாம் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள்.

8. எங்களில் ஒருவருடைய கணவரின் அண்ணன் அந்தச் சமயம் இறந்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தீட்டு என்பதால் அவர் பூத் தொடாமல் வீட்டிலேயே இருந்தார். அவர் வீடு இன்னும் கால்வாய் ஓரத்தில், நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் 'அந்த அம்மா' என்றே குறிப்பிடுகிறேன். டாக்டருக்கு அவரை முன்பே தெரியும். ஆனால் பத்துப் பேரில் அவரைச் சேர்க்கவில்லை. "இப்போ பூத் தொடாதவங்ககிட்ட எடுத்துப் பிரயோஜனம் இல்லம்மா" என்று விளக்கமாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு அதில் சிறிது மனத்தாங்கல். "எல்லாரிதும் வோணுமாம், என்னுது மட்டும் வாணாமாம். எனக்கு இன்னா, பன்னீரா வருது?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஏற்கெனவே தீட்டில் இருப்பதால், பாட்டில்கள் அவர் வீட்டில் இருப்பதில் குற்றமில்லை என்று பெண்கள் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொருவராக அங்கே போய் வருவது என்று ஏற்பாடு. பத்து பாட்டிலும் ஒரு கட்டைப்பையில் அவர் வீட்டுக்குப் போயின.

9. அந்த வெள்ளிக்கிழமை பிரதோஷமும் சேர்ந்து வந்தது. மாலையில் யாராலும் கடையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஒருவரும் அங்கே போகவில்லை. அந்த அம்மா காத்திருந்து பார்த்திருக்கிறார். டாக்டர் வந்து வெறும் பாட்டில்களோடு திரும்பினால் மயிலாப்பூர்ப் பூக்காரிகளுக்கு அவமானம் என்று நினைத்திருக்கிறார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்து, பத்து பாட்டில்களையும் தாமே நிரப்பிவிட்டார். சுத்தமாகத் துடைத்து, மூடியை இறுக்கி, பையில் அடுக்கி, பூப் பக்கம் வராமல் தெருமுனையிலேயே நின்று, டாக்டர் வந்தபோது தம் கையாலேயே கொடுத்திருக்கிறார். டாக்டர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் வேண்டாம் என்ற ஒருவருடையதே பத்து பாட்டிலிலும் அவருக்குக் கிடைத்தது.

10. மறுநாள் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "மூத்திரம் மூத்திரம்தானே, யார்து இருந்தா இன்னா" என்றார் ஓர் அக்கா. "கவுர்மென்ட்டுல இன்னா, மோந்து பாத்தா பேர் கண்டுபுடிப்பான்?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். மருந்து எங்கள் சிறுநீரில் மட்டும் தெரியும், பூத் தொடாதவருடையதில் தெரியாது என்பது டாக்டர் சொன்ன பாடம்தான். கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. எங்களுக்காக ஒருவர் உதவி செய்தார் என்றே எடுத்துக்கொண்டோம். கைக்குழந்தை உள்ளவளுக்கு இன்னொருத்தி இரண்டு முழம் சேர்த்துத் தொடுத்துக் கொடுப்பது எங்களிடையே வழக்கம். அதைப்போல இதையும் நினைத்துவிட்டோம்.

11. ஆய்வகத்தில் நடந்தது தங்களுக்குத் தெரியும். பத்து பாட்டிலிலும் மருந்தின் சுவடு இல்லை. பத்திலும் சர்க்கரை இருந்தது. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு; ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறார். ஒரே மாத்திரையின் அடையாளம் பத்திலும் தெரிந்ததாகத் தாங்களே அன்று காகிதத்தைப் பார்த்து வாசித்தீர்கள். பத்துப் பேருக்கும் ஒரே நோய், ஒரே மாத்திரை இருக்க முடியாது. ஆகவே டாக்டர் களத்துக்கே போகாமல் ஒருவருடையதைப் பத்தாகப் பிரித்துக் கொண்டுவந்தார் என்பது அவர்மேல் உள்ள புகார். அதனால் பஞ்சில் துடைத்தெடுத்த முந்தைய முடிவுகளையும் நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டதாக அறிகிறேன்.

12. இனி அன்றைய விசாரணை. தாங்கள் எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. "இந்த அம்மாவ உங்களுக்குத் தெரியுமா? இவங்க உங்ககிட்ட வந்து மாதிரி எடுத்தாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றுதான் கேட்டீர்கள். ஆனால் ஐயா, ஜீப்பிலிருந்து இறங்குகிறவர் எங்களிடம் முதலில் கேட்பது பெயர். பெயர் சொன்னால் அடுத்தது இடத்தைக் காலி செய்யச் சொல்வது. அதற்கு முந்தின வாரம்தான் எதிர்ப் பக்கத்துக் கடைகளை எடுத்திருந்தார்கள். யார் வந்து எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்வது எங்களுக்குப் பழகிப்போனது. யோசித்துச் சொல்வதில்லை, அதுவாக வாயில் வந்துவிடுகிறது.

தாங்கள் முதலில் கேட்டது என் தாயாரை. "யாரு சார் இவங்க? ரோட்ல ஆயிரம் பேரு போய்க்கினு வந்துக்கினு கீறாங்க. நாங்க இன்னாத்த கண்டோம்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் ஜொவிட்டா ஜீப்பின் அருகே நின்றிருந்தார். என் தாயாரோடு ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர். "தேவானம்மா, சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாயார் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. தாயாரின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாங்கள் ஏறச் சொன்னதும் ஏறிக்கொண்டார்.

13. ஜீப் போய்விட்டது. தாயார் கையில் இருந்த சரத்தைத் தொடுத்துக்கொண்டே போனார், அறுக்கவில்லை. அது தரையில் குவிந்தது. நான்தான் எடுத்து அறுத்து முழம் போட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், "தெரியும்னு சொன்னா டாக்டரம்மாவுக்கு இன்னா ஆவுமோ, நமக்கு இன்னா ஆவுமோன்னு நெனச்சேன். தெரியாதுன்னா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிக்கினேன்" என்றார். ஜீப் வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

14. இரண்டு நாள் கழித்து டாக்டர் எங்களுக்குத் தந்திருந்த எண்ணுக்கு நான் போன் செய்தேன். யாரோடும் போனில் பேசிப் பழக்கமில்லாததால் என் பெயரைச் சொல்லவே நேரம் பிடித்தது. அவர், "விசாரணை நடக்கும்போது நான் உங்ககிட்டப் பேசக் கூடாதும்மா. பேசினா நான் சொல்லிக் குடுத்ததா ஆயிடும்" என்றார். பிறகு, "அம்மாவ நூலைக் கடிக்க வேணாம்னு சொல்லு. சின்னக் கத்தரி ஒண்ணு வச்சிக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார். பாட்டிலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லி முடிக்கவில்லை. ஆகவே இந்த மனுவில் உள்ள எதுவும் அவர் சொல்லி எழுதியதல்ல.

சென்ற வாரம் திரு. நோயல் இந்தப் பக்கம் டீ குடிக்க வந்தபோது அவரிடம் விசாரித்தோம். "மேடத்த ஃபீல்டுலருந்து எடுத்துட்டாங்க. ரூம்ல ஒக்காந்துக்கினு பழைய ஃபைல அடுக்கிக்கினு கீறாங்க. அடுத்த மாசம் ஃபைனல் என்கொயரி. போலின்னு எழுதிட்டா அப்புறம் எந்த ரிப்போர்ட்லயும் அவங்க கையெழுத்து செல்லாது" என்றார். அவர் இதைச் சொன்னதற்காக அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள்தான் விடாமல் கேட்டோம்.

15. டாக்டர் பக்கம் பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டிலை எங்கே வைப்பீர்கள், எங்கே போய் நிரப்புவீர்கள் என்று அவர் எங்களைக் கேட்டிருக்கலாம். கொடுப்பவர் எதிரிலேயே நின்று வாங்குவதுதான் முறை என்று தாங்கள் சொல்வீர்கள். எங்கள் கூச்சத்தை உத்தேசித்து அவர் எட்டி நின்றார். நாங்கள் பல்லால் கடிப்பதை எண்ணியவருக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பார்த்ததை எல்லாம் அவர் எழுதிக்கொண்டார். இதை மட்டும் அவர் பார்க்கும்படி நாங்கள் வைக்கவில்லை. அது கவனக்குறைவு என்றால் அப்படியே எழுதுங்கள். மோசடி என்று எழுத வேண்டாம்.

16. இந்த மனுவை எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. வியாபார அடையாள அட்டையைப் பறித்துவிடுவார்கள் என்று சிலர் பயந்தார்கள். "அவங்க கவுர்மென்ட்டு ஆளு, எங்கனா தூக்கிப் போட்டாலும் சம்பளம் வரும். நம்பள தூக்கிப் போட்டா கடல்லதான்" என்றார் ஓர் அக்கா. அதிலும் நியாயம் இருக்கிறது. என் தாயார் மட்டும், "நீ எழுது. என் பேரப் போட்டு எழுது" என்றார். ஆகவே இதில் என் பெயரும் என் தாயார் பெயரும் மட்டுமே இருக்கின்றன. மற்றவர்கள் பெயர் பாட்டில்களில் ஒட்டியிருந்ததால் தங்களிடம் இருக்கும். அவர்கள்மேல் கோபம் கொள்ள வேண்டாம் என்று வேண்டுகிறேன்.

17. நாங்கள் கேட்பது:

டாக்டர் ஜொவிட்டா அவர்கள் மாதிரிகளைப் போலியாகத் தயாரித்தார் என்று இறுதி அறிக்கையில் எழுதும் முன், எங்களிடம் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். தற்போது ஆடி பிறந்துவிட்டது. கையில் பூ ஓயாத மாதம். இம்முறை ஒரு பெண் ஊழியரை அனுப்பி, கதவு உள்ள ஓர் இடத்தை அந்த மாலை மட்டும் ஏற்பாடு செய்து கொடுங்கள். பாட்டில் எங்கள் கையிலிருந்து நேராக ஊழியரின் கைக்குப் போகட்டும்; கூடைப் பக்கம் வரவேண்டாம். அப்படியானால் யாரும் மறுக்க மாட்டார்கள். கடையை யார் பார்த்துக்கொள்வது என்பதை நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம்.

பஞ்சில் துடைத்தெடுத்த முடிவுகள் உண்மையானவை. அவை எங்கள் கைகளிலிருந்து, எங்கள் கண் முன்னே எடுக்கப்பட்டவை. அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

மேலும், என் தாயார் அன்று சொன்னதைத் திருத்திப் பதிவு செய்ய வேண்டும். அரசு அலுவலரிடம் பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டு என்றால் அதற்கும் அவர் தயாராக இருக்கிறார். தாங்கள் எந்த நாள் அழைத்தாலும் அடையாறுக்கு வந்து, டாக்டர் முன்னிலையில், அவரைத் தெரியும் என்று சொல்வார். நானும் கூட வருவேன். எனக்குப் பேச்சு வராவிட்டாலும் இந்தக் காகிதத்தை வாசிக்க முடியும்.

ஒரு மருந்து எங்களை என்ன செய்கிறது என்று கேட்டு எங்கள் கடைக்கு வந்த ஒரே அலுவலர் அவர். அவரை நாங்களே ஒன்றுமில்லாமல் செய்துவிட்டோம் என்ற எண்ணம் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தாங்கள் மனது வைத்தால் இதைச் சரிசெய்ய இன்னும் நாள் இருக்கிறது. அருள்கூர்ந்து செய்ய வேண்டும்.

இடம்: மயிலாப்பூர்
நாள்: 21.07.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தே. அன்புக்கரசி

மனுவில் உள்ளவை உண்மை:
தேவானை (கையெழுத்து)

பின்குறிப்பு: ஐயா, உறையை ஒட்டும் முன் இந்த மனுவை அந்த அம்மாவின் வீட்டுக்குக் கொண்டுபோய் முழுவதும் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருப்பது அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? டாக்டர் ஜீப்பில் ஏறிக்கொண்ட இடம் வரை பேசாமல் கேட்டார். பிறகு அங்கங்கே நிறுத்தச் சொன்னார். முடிந்ததும், "பேர் இல்லாம எழுதினா ஒத்துக்குவாங்களாடி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பத்து பேருக்கு ஒருத்தியாக் குடுத்தேன். பேரு குடுக்க மாட்டேனா? தங்கம்னு எழுது. வெறும் தங்கம்னு எழுதாத, ஊரெல்லாம் தங்கம் கீது. கால்வாய் ஓரம், பூக்காரத் தங்கம்னு எழுது. அந்த சக்கர என்னுது. அந்த மாத்திர என்னுது. வோணும்னா இன்னொரு தபா புடிச்சிக்கினு போய்ப் பாக்கச் சொல்லு. டாக்டரம்மா ஒண்ணும் பண்ல."

அவர் கேட்டுக்கொண்டபடி, கீழே:

தங்கம், பூ வியாபாரம், கால்வாய் ஓரம், மயிலாப்பூர்
(இடது கைப் பெருவிரல் ரேகை. தோல் உரிந்திருப்பதால் கோடுகள் சரியாக விழவில்லை. இரண்டு முறை வைத்திருக்கிறார்.)